உயிர் வராத பழைய டெஸ்க்டாப்: பிளக்கிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பத்து, பதினைந்து ஆண்டுப் பழைய டெஸ்க்டாப் கணினியை நம்பி நடக்கும் வேலைகள் இன்னமும் உண்டு. இளம்பிள்ளைப் பக்கம் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறவரின் மென்பொருள், பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் என்ற சிறு சாவிக் கருவி இருந்தால்தான் திறக்கும்; இன்றைய கணினிகளில் அந்தப் போர்ட்டே வருவதில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்ட அலுவலகத்தில் ஆள் வருகையையும் கூலியையும் பதியும் செக்ரோல் கணக்கு, யாரோ என்றோ எழுதிக் கொடுத்த நிரலில், விண்டோஸ் எக்ஸ்பியின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பெட்டி ஒருநாள் காலையில் எழ மறுக்கும்போது, "பழசாகிவிட்டது, தூக்கிப் போடுங்கள்" என்ற அறிவுரையால் யாருக்கும் பயனில்லை.

மலைக்கு மேலும் கீழுமாகப் பழுது பார்க்கப் போய்வந்ததில் எனக்குப் படிந்த வழக்கம் ஒன்றுதான்: சுவரிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ரேம் என்ற நினைவகத்தையும் மாற்றி, மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் சேரும் முதன்மைப் பலகை) உள்ள செல்லையும் மாற்றி, கேபிளையும் பிடுங்கிச் செருகியபின் கணினி ஓடினால், எது பழுது என்று தெரியாமலேயே ஓடுகிறது என்று பொருள். அடுத்த வாரம் அது மறுபடி நிற்கும், நாமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சாதாரண மல்டிமீட்டர், பழைய கேபினெட்டிலிருந்து கழற்றிய சிறு ஸ்பீக்கர், புதிய சி.ஆர். 2032 செல், அகலமான பெயின்ட் பிரஷ், மொபைல் பழுதுபார்ப்புப் பொருள் விற்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு வெள்ளை ரப்பர். அத்துடன் கைபேசியின் கேமரா. எந்த வயரையும் பிடுங்குமுன் ஒரு படம் எடுத்துக்கொள்வதைப் பலர் அலட்சியமாக நினைக்கிறார்கள். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது நான்கு வேறு நோய்கள்

தோட்ட அலுவலக எழுத்தர் தொலைபேசியில் அழைத்து, "சார், நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுங்க, காலையில பார்த்தா உயிரே இல்லீங்க" என்று சொன்னால், நான் பதிலுக்குக் கேட்பது ஒரே கேள்விதான்: பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றுகிறதா?

எதுவுமே நடக்கவில்லை, விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை என்றால் அது மின்சாரம் வந்து சேராத நோய். ஃபேன் ஒரு நொடி துடித்து நின்றுவிடுகிறது என்றால், மின்சாரம் வருகிறது, ஆனால் எங்கோ ஷார்ட் இருப்பதால் எஸ்.எம்.பி.எஸ். (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஃபேன் தொடர்ந்து சுற்றியும் திரை இருண்டே இருந்தால், அதைத்தான் கடைகளில் "நோ டிஸ்ப்ளே" என்பார்கள். இதில் முதல் சந்தேகம் ரேமின் மேல். திரையில் எழுத்து வந்து, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால், மதர்போர்டு நன்றாக இருக்கிறது. பழுது செல்லிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ அமைப்புகளிலோ இருக்கிறது. இந்த நான்கில் எது என்று முடிவு செய்யாமல் ஸ்க்ரூடிரைவரை எடுப்பது நேரத்தை வீணாக்குவதாகும்.

இன்னும் இரண்டு விவரங்களைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. முந்தைய இரவு இடி மின்னல் இருந்ததா? பெட்டி எத்தனை நாளாகப் பயன்படாமல் கிடந்தது? சித்திரை, வைகாசியில் மலையில் அடிக்கும் கோடை இடிமழை, மின்கம்பி வழியாக மட்டுமல்லாமல் தொலைபேசிக் கம்பி, நெட்வொர்க் கேபிள் வழியாகவும் வந்து கணினியைத் தொடும். மழைக்காலம் முழுவதும் மூடிக் கிடந்த பங்களாவில் இருந்த பெட்டியோ ஈரத்தால் நின்றிருக்கும். ஒன்றுக்கு வைத்தியம் சேதமான பாகத்தைத் தேடுவது, மற்றதற்கு வைத்தியம் துடைத்துக் காயவைப்பது.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

சுவர் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் டெஸ்டரைச் செருகுகிறார்கள். டெஸ்டர் எரிந்தால் ஃபேஸ் இருக்கிறது என்று மட்டுமே தெரியும். நியூட்ரல் எங்காவது விட்டுப்போயிருந்தாலும் டெஸ்டர் எரியத்தான் செய்யும், கணினி ஓடாது. கைபேசி சார்ஜரைச் செருகிப் பார்ப்பதும் முழு விடை தராது, ஏனென்றால் சார்ஜர் 100 வோல்ட்டிலும் வேலை செய்யும். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். கிராமத்துக் கடைசிக் கம்பத்துக்கு அருகிலும், மலையில் நீண்ட தூரம் போகும் இணைப்புகளிலும் மாலை நேரத்தில் அது மிகவும் இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய எஸ்.எம்.பி.எஸ். பலவும் 180 வோல்ட்டுக்குக் கீழே தடுமாறும். ஆகவே மல்டிமீட்டரை ஏ.சி. 750 அல்லது 600 அளவில் வைத்து, ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அதே கையோடு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அளந்துவிடுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் மிகையாகக் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

எர்த் இல்லாத இடத்தில் கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் வடிகட்டிக் கபாசிட்டர்களின் வழியாக, மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி கேபினெட்டின் மேல் வந்து நிற்பதுதான் அதற்குக் காரணம். மின்னோட்டம் குறைவு என்பதால் பெரும்பாலும் ஆளுக்கு ஆபத்து வராது. ஆனால் பிரிண்டர் கேபிளைச் செருகும்போது அதே மின்சாரம் போர்ட்டின் வழியே பாய்ந்து சிப்பைக் கொன்றுவிடும். "அது எப்போதுமே அப்படித்தான் சார் இழுக்கும்" என்று பெருமையாகச் சொல்பவர்களின் கணினிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன.

அடுத்து யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு, பவர் கார்டை நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். வீட்டு யு.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும், சில யு.பி.எஸ்.கள் பேட்டரி செத்தால் கரண்ட் இருந்தாலும் வெளியே விடாது. பவர் கார்டையும் வேறொன்றால் மாற்றிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறத்தில் சிறு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230 என்று காட்டுகிறதா என்று கவனியுங்கள். குழந்தைகள் அதை 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்திருந்தால் உள்ளே வெடித்திருக்கும், அதன் கருகிய வாடை மூக்குக்கே தெரியும்.

கடைசியாக ஒரு எளிய வேலை. கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் காத்திருந்து மீண்டும் செருகுங்கள். ஏதோ ஒரு மின் அதிர்ச்சியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருந்தால், மின்சாரத்தை முழுமையாக எடுத்த பிறகே அது விடுபடும். மந்திரம் மாதிரி தோன்றும் இந்த வைத்தியத்துக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

மலைக்கும் சமவெளிக்கும் உரிய ஒரு எச்சரிக்கை

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே குளிரில் இருந்த பெட்டியைக் காரில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்து வெப்பத்தில் கடைக்குள் கொண்டுவந்த உடனே ஆன் செய்யக் கூடாது. ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலவே, குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றின் ஈரம் படியும். அது போர்டின் மேலும் படியும். பெரிய பாலித்தீன் உறையில் கட்டிக் கொண்டுவந்து, உறையைப் பிரிக்காமலே இரண்டு, மூன்று மணி நேரம் அறையின் வெப்பத்துக்கு வர விடுங்கள். மேலே நன்றாக ஓடிய கணினி கீழே வந்ததும் எரிந்துபோனதற்கு இந்த அவசரம் காரணமாக இருந்ததை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

திறந்தபின் முதலில் கண்ணுக்கு வேலை

பவர் கார்டை முழுவதுமாகப் பிடுங்கிய பிறகே பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும். போர்டைத் தொடுமுன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டர், ஏறத்தாழ 320 வோல்ட்டை மின்சாரம் எடுத்த பிறகும் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும். தொட்டால் தூக்கி அடிக்கும்.

டார்ச்சை அடித்து நிதானமாகப் பாருங்கள். அம்மாபேட்டையில் தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் இருந்த ஒரு கணினியைத் திறந்தபோது, பிராசஸர் ஃபேனுக்கும் அதன் அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே பஞ்சுத் துகள் படிந்து, ஒரு மெல்லிய மெத்தையாகவே உரித்தெடுக்க வந்தது. அந்தக் கணினி ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் அணைந்துகொண்டிருந்தது. பிராசஸர் சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதைத்தான் உரிமையாளர் "உயிர் போய்விட்டது" என்று நினைத்திருந்தார். பிரஷ்ஷாலும் பிளோயராலும் தூசியை வாசலுக்கு வெளியே வைத்து எடுங்கள். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். இன்டெலின் 775 சாக்கெட் வகைப் போர்டுகளில் அந்த அலுமினியத் தகடுகளை, அதாவது ஹீட் சிங்க்கை, நான்கு பிளாஸ்டிக் ஊசிகள்தாம் பிடித்திருக்கும். ஓர் ஊசி கழன்றாலும் ஹீட் சிங்க் பிராசஸரை முழுமையாகத் தொடாது. நான்கையும் அழுத்திப் பாருங்கள். கழற்ற நேர்ந்தால், இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை முழுக்கத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.

அடுத்து கபாசிட்டர்கள். பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். தலை உப்பியிருந்தாலோ, மேலே உள்ள கீறல் வழியே பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ நோய் தெரிந்துவிட்டது. 2000-க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் தயாரான மதர்போர்டுகள் பலவற்றில் தரமற்ற மின்பகுபொருள் கொண்ட கபாசிட்டர்கள் சேர்ந்துவிட்டதால், அந்தக் காலத்துப் போர்டுகளில் இது சர்வ சாதாரணம். ஒரு நல்ல டிவி மெக்கானிக் அவற்றை எடுத்துவிட்டு வேறு வைத்துத் தருவார். அதே மைக்ரோஃபேரட் அளவும், அதே அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட்டும், உடம்பில் 105 டிகிரி என்ற குறியும் உள்ள, லோ இ.எஸ்.ஆர். வகைக் கபாசிட்டரைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பூச்சி, பல்லி, எலி ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். சூடு தேடி உள்ளே போன பல்லி, போர்டுக்கு அடியில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துப் படுத்தபடி உயிரை விட்டிருக்கும். ஃபேன் ஒரு நொடி துடித்து நிற்கும் நோய்க்கு அதுவும் ஒரு காரணம். பின்பக்கத்தில் பயன்படுத்தாத ஸ்லாட்டுகளின் தகடுகளைத் தொலைத்துவிட்டுத் திறந்தே வைத்திருப்பவர்கள் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்கும் முறை

சுவரில் மின்சாரம் இருந்தும் ஃபேன் அசையவே இல்லை என்றால், முதலில் பவர் பட்டனைச் சந்தேகப்படுங்கள். பட்டனிலிருந்து வரும் இரண்டு வயர் கொண்ட சிறு கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அது இருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவரின் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டு விடுங்கள். கணினி எழுந்துவிட்டால் பழுது பட்டனில்தான். ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் செருகிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

அப்போதும் எழவில்லை என்றால், மதர்போர்டுக்குப் போகும் பெரிய 24 ஊசி கனெக்டரையும் (மிகப் பழைய போர்டுகளில் 20 ஊசி), பிராசஸருக்கு அருகே செருகும் 4 ஊசி கனெக்டரையும், மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். வேலைக்கு உதவாத பழைய ஹார்ட் டிஸ்க் அல்லது கேபினெட் ஃபேன் ஒன்றை மட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டி வையுங்கள். சுமை இல்லாமல் சில எஸ்.எம்.பி.எஸ்.கள் ஓடா. மின்சாரத்தைக் கொடுத்து, ஊதா வயருக்கும் கறுப்புக்கும் இடையே டி.சி. 5 வோல்ட் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் இருக்க வேண்டிய மின்சாரம் அது; அதுவே இல்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது, மேலே சோதிக்கத் தேவையில்லை.

இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பச்சை வயரையும் அதன் பக்கத்துக் கறுப்பையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, மீண்டும் மின்சாரம் கொடுங்கள். பெரிய கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் அளக்க வேண்டியவை மூன்று: மஞ்சள் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். சாம்பல் நிற வயரில் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். மற்ற மின்னழுத்தங்கள் சீராகிவிட்டன என்று மதர்போர்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் சம்மதம் அது. அந்தச் சம்மதம் வராவிட்டால், மற்ற மூன்றும் சரியாக இருந்தாலும் போர்டு எழாது. சில மெக்கானிக்குகள் ஃபேன் சுற்றுவதைப் பார்த்ததும் "எஸ்.எம்.பி.எஸ். நல்லா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள், மீட்டர் வைத்துப் பார்க்காத அந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை.

புதிதாக வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட 450 வாட் என்ற எண்ணைவிட, கையில் எடுத்தால் தெரியும் எடையையும், லேபிளில் மஞ்சள் வயருக்கு எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

நோ டிஸ்ப்ளே: கழற்றிக் கழற்றிக் கண்டுபிடிப்பது

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. முதலில் மானிட்டர் கேபிள் எந்த இடத்தில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் பழைய கணினிகளில், மதர்போர்டின் சொந்த வி.ஜி.ஏ. வாயில் பெரும்பாலும் செயலற்றுப் போயிருக்கும். சுத்தம் செய்த வீட்டுக்காரர் கேபிளை அங்கே மாற்றிச் செருகியிருப்பார்.

அது சரியாக இருந்தால், பெட்டியை அதன் எலும்புக்கூடு வரை குறைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கூடுதல் கார்டுகள், மோடம், முன்பக்க யு.எஸ்.பி. வயர், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மதர்போர்டு, பிராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம், சிறு ஸ்பீக்கர் ஆகியவற்றை மட்டும் விடுங்கள். இடிமழைக்குப் பின் நின்ற கணினி, தொலைபேசிக் கம்பி வந்து சேரும் மோடம் கார்டைக் கழற்றியதும் எழுந்துவிட்டால் வியக்க ஒன்றுமில்லை.

இப்போது அந்த ஒரு ரேமையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் கத்தினால் மகிழுங்கள். ரேம் இல்லை என்று புகார் சொல்ல மதர்போர்டும் பிராசஸரும் பயாஸும் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்த நிரல்) உயிரோடு இருக்கின்றன என்பதே அந்தச் சத்தத்தின் பொருள். பழுது ரேமிலோ அதன் ஸ்லாட்டிலோதான் இருக்கிறது. சத்தமே வரவில்லை என்றால் பிராசஸரின் 4 ஊசி கனெக்டர், கபாசிட்டர்கள், பிராசஸர், போர்டு என்று சந்தேகம் உள்ளே போகிறது. கத்தலிலும் மொழி உண்டு. அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் டிஸ்ப்ளே கார்டைச் சுட்டும், நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் ரேம், ஏ.எம்.ஐ. பயாஸில் ஒன்று முதல் மூன்று வரையிலான குறுகிய ஒலிகள் ரேம் பக்கத்தையும், எட்டு குறுகிய ஒலிகள் டிஸ்ப்ளே கார்டையும் சுட்டும்.

ரேமைச் சுத்தம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி இதுதான். மழைக்காலம் முழுவதும் மூடுபனி ஜன்னல் வழியே அறைக்குள் வந்து போகும் பங்களாக்களில், ரேமின் அடியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்கள் மங்கி, சில பற்களின் விளிம்பில் பச்சை பூத்திருக்கும். விளக்கின் கீழ் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் நன்றாக உள்ள பல் பளிச்சென்றும், கெட்ட பல் துடைக்காத வெண்கலப் பாத்திரம் போலவும் தெரியும். பஞ்சு முனையை ஐ.பி.ஏ.வில் நனைத்து, பல்லின் நீளவாக்கில், மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய்ப் பசை கலந்திருக்கும் என்பதால் அது வேண்டாம். அப்போதும் போகாத கறைக்குத்தான் வெள்ளை ரப்பர். அதையும் லேசாக, இரண்டு மூன்று இழுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊரில் எல்லோரும் ரப்பரால் பரபரவென்று தேய்க்கிறார்கள். பொன் பூச்சு மிக மெல்லியது. நான்கைந்து முறை அப்படித் தேய்த்தபின் அடியில் இருக்கும் உலோகம் வெளியே வந்து முன்னைவிட வேகமாகப் பூத்துவிடும். ரப்பர்த் துகள்களைப் பிரஷ்ஷால் முழுக்கத் தட்டிவிடுங்கள், ஸ்லாட்டின் உள்ளேயும் ஒருமுறை பிரஷ்ஷை ஓட்டுங்கள்.

திரும்பச் செருகும்போது வெட்டுக்குறி ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 இரண்டுக்கும் 240 பற்கள்தான், ஆனால் வெட்டுக்குறி வேறு இடத்தில் இருக்கும், மின்னழுத்தமும் 1.8 வோல்ட், 1.5 வோல்ட் என்று வேறுபடும். இரண்டு பக்கத்துக் கொக்கிகளும் டக்கென்று தாமாகவே மூடும் வரை அழுத்த வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ரேம் கெட்டதா, ஸ்லாட் கெட்டதா என்பது அப்போதுதான் பிரியும்.

ஒரு செல், ஒரு நீலத்திரை, அழிந்துபோன கணக்கு

மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சி.ஆர். 2032 செல்லைப் பற்றி ஒரு வருத்தமான கதை உண்டு. ஏற்காட்டில் ஒரு தோட்டத்துக் கணினி, எழுத்தர் இரண்டு மாதம் விடுப்பில் போய் வந்தபின், எக்ஸ்பியின் படம் வரும்போதே நீலத்திரை காட்டி மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆனது. கீழே ஒரு கடைக்கு எடுத்துப் போனார்கள். "விண்டோஸ் கரப்ட்" என்று சொல்லி ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டார்கள். ஆறு ஆண்டுச் செக்ரோல் அதோடு போயிற்று.

நடந்தது இதுதான். செல் தீர்ந்ததால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையில் இருந்த நிலைக்குப் போய்விட்டது. அந்த நிலையில் சாட்டா முறை (ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் விதம்) ஏ.எச்.சி.ஐ. என்று இருந்தது; அந்த எக்ஸ்பியோ ஐ.டி.இ. முறையில் நிறுவப்பட்டது. முறை மாறினால் எக்ஸ்பியால் தன் டிஸ்க்கையே கண்டுகொள்ள முடியாது, நீலத்திரையில் 7பி என்று முடியும் ஒரு பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியை ஐ.டி.இ. என்று மாற்றியிருந்தால் எல்லாம் அப்படியே திரும்பியிருக்கும்.

ஆகவே கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தாலோ, ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றாலோ, செக்சம் என்ற சொல் திரையில் தெரிந்தாலோ, முதலில் செல்லை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7-க்குக் கீழே போனதைத் தயங்காமல் மாற்றுங்கள். மாற்றியதும் பயாஸில் தேதியைச் சரிசெய்து, சாட்டா முறையையும், எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் எழ வேண்டும் என்ற வரிசையையும் பாருங்கள். சில போர்டுகளில், செல் கெட்டிருந்தால் நோ டிஸ்ப்ளே கூட வரலாம். அதற்கு மின்சாரத்தை எடுத்துவிட்டு, செல்லைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்திருந்து, அல்லது பக்கத்தில் உள்ள கிளியர் சிமாஸ் ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) சில நொடிகள் மாற்றிப் போட்டு, மறுபடி பழைய இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இதைச் செய்தால் அமைப்புகள் எல்லாம் அழியும் என்பதை மேலே சொன்ன கதையோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

திரையில் எழுத்து வந்து, விண்டோஸ் வராதபோது

"டிஸ்க் பூட் ஃபெயிலியர்" அல்லது "என்.டி.எல்.டி.ஆர். மிஸ்ஸிங்" என்று வந்தால் முதல் வேலை, யு.எஸ்.பி.யில் யாராவது பென்டிரைவை விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்ப்பது. இதைச் சொல்லும்போது பலர் சிரிக்கிறார்கள். எத்தனையோ முறை பலித்திருக்கிறது.

அதன்பின் பயாஸில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் சாட்டா டேட்டா கேபிளை மாற்றுங்கள், பவர் கனெக்டரை வேறொன்றுக்கு மாற்றுங்கள், பட்டையான ஐ.டி.இ. கேபிள் காலத்து டிஸ்க் என்றால் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரையும் பாருங்கள். டிஸ்க்கின் மேல் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். டக், டக் என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் உள்ளே தட்டைச் சுரண்டக்கூடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் செய்ய வேண்டாம். நம் ஊர்க் காற்றில் டிஸ்க்கின் உள்ளேயே வியர்த்துவிடும். தரவு முக்கியம் என்றால் டேட்டா மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

டிஸ்க் தெரிகிறது, சத்தமும் இல்லை, ஆனாலும் விண்டோஸ் வரவில்லை என்ற நிலையில் பழுது நீக்குவது இரண்டாவது வேலை. டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் வழியே வேறொரு நல்ல கணினியில் இணைத்து, கணக்குக் கோப்புகளையும் டிசைன் கோப்புகளையும் முழுமையாக நகல் எடுப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகு டிஸ்க்கின் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓட்டலாம், விண்டோஸை ரிப்பேர் செய்யலாம், எதுவும் செய்யலாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டதால், மீண்டு எழுந்த கணினியை இணையத்தில் இணைக்காமல் தனியாகவே ஓட விடுவது நல்லது.

எழுந்துவிட்டபின் செய்ய வேண்டியவை

கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பார்த்து, எல்லாம் சரியானபின் ஒரு மணி நேரம் மூடியோடு ஓட விடுங்கள். சித்திரை வெயிலில் சேலத்தில் அறையே 38 டிகிரியைத் தாண்டும். மூடி இல்லாமல் சோதித்துக் கொடுத்த கணினி வீட்டில் போய் அணைந்துவிட்டு நம் பெயரைக் கெடுக்கும். மலையில் இருக்கும் பெட்டியாக இருந்தால், யாரும் வேலை செய்யாத வாரத்திலும் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். உள்ளே உண்டாகும் சூடே ஈரத்தை விரட்டும். மேசைக்கு அடியில் சிமெண்ட் தரையில் வைத்திருந்தால் ஒரு பலகையின் மேல் ஏற்றிவிடுங்கள்.

பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். செக்ரோலை இழந்த அந்தத் தோட்டத்துக் கணினியின் பக்க மூடியின் உட்புறத்தில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: செல் மாற்றிய தேதி, சாட்டா முறை ஐ.டி.இ., நகல் எடுத்த பென்டிரைவ் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்ற மூன்று வரிகள், எழுத்தரின் கையெழுத்தில். ஒவ்வொரு மாதமும் கூலி போட்ட மறுநாள் நகல் எடுத்து, அதன் கீழே அவர் ஒரு தேதியைச் சேர்த்துக்கொண்டு வருகிறார்.